தரையில் ஒரு தட்டு கிடக்கிறது

— வேணாம்னா வேணாம். விட்ரு ஆத்தா.

— விட்ரவா? அதெப்படி அய்யா விட...

— விடுன்னா விடணும். இந்தச் சம்பந்தம் நமக்குத் தோதுப்படாது.

— நேத்து அவுக வீட்ல கை நனைச்சுட்டு வந்திருக்கீக!

— நனைச்சா?

— நனைச்சாவா? பேசி முடிக்காத வீட்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு, பரமக்குடியில வச்ச காப்பியத் தள்ளிவிட்டுட்டு வந்த ஆளு நீங்க. அக்காள்மடத்துல போயி மீன் கொழம்பு ஊத்தி, ரெண்டாந்தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கீக. அதுக்கு என்ன அர்த்தம்?

— பசிச்சுச்சுன்னு அர்த்தம்.

— சம்மதம்னு அர்த்தம். அங்கன இருந்தவுக அம்புட்டுப் பேருக்கும் அதுதான் அர்த்தம். இப்ப வந்து வேணாங்குறீக.

— ஊரு என்னமும் நெனச்சுக்கிரட்டும்.

— ஏன் சொல்ல மாட்டீக. ‘ஜோதிகா, ஒனக்கு வயசு இருபத்தாறு, ஊரு கேக்குது, ஊரு கேக்குது’ன்னு சொல்லியே என் காத அடைச்சது யாரு?

— அது போன மாசம்.

— இந்த மாசம் ஊருக்கு வாய் அடைச்சுப் போச்சாக்கும்?

— அதில்ல... அந்த வீட்ல உப்புக்காத்து. சன்னல் கம்பியெல்லாம் துரு ஏறிப்போயி...

— கடக்கரையில காத்து இனிக்கவா செய்யும்?

— தண்ணியும் உப்பு.

— ‘லாரி வச்சுத் தண்ணி எறக்குறாக, செல்வாக்கான குடும்பம்’னு நீங்கதானே சொன்னீக?

— பாலம் தாண்டிப் பொண்ணு குடுக்கணும். ஒரு புயல் வந்தா பாலத்த அடைச்சுருவான். ஒன்னைய நாங்க எப்படி வந்து பாக்குறது?

— புயலடிக்கையில யாரு அய்யா பொண்ணப் பாக்கப் பொறப்படுவா?

— பையன் உசரமும்...

— ஒங்கள விட ரெண்டு விரல் கூட. பக்கத்துல நின்னு அளந்து பாத்துட்டு வந்து அம்மாட்டச் சொன்னீக. நானும் வீட்லதான இருந்தேன்.

— நீ எல்லாத்தையும் காதுல வாங்கிட்டேதான் இருப்பியா?

— அக்காள்மடத்துல வீடு, ராமேசுவரத்துல லாட்ஜு, ஒத்தைக்கு ஒரு மகன், ஒரே ஒரு தங்கச்சி. பேரு நாகேந்திரன், ஆளு நாகரிகம். இதெல்லாம் ஒங்க வாயில இருந்து வந்ததுதான். நல்ல காரணமா ஒண்ணு சொல்லுங்க, நான் வாய மூடிக்கிறேன்.

— எல்லாம் அந்த வெளங்காத வெளையாட்டால வந்தது.

— இப்ப அத எதுக்கு இழுக்குறீக?

— இழுக்காம? எந்தப் பொண்ணாச்சும் மாப்பிள்ளைக்குப் பரீட்ச வைக்குமா? காளைய அடக்கச் சொன்னாக்கூட ஒரு மருவாதி. கம்ப்யூட்டர்ல வெளையாட்டாம். படமும் கெடையாது, பாட்டும் கெடையாது. வெறும் எழுத்தா வருது. ‘நீங்கள் ஒரு வீட்டின் முன் நிற்கிறீர்கள். வடக்கே வாசல் தெரிகிறது.’ அதுக்கு இவன் ‘வடக்கே போ’ன்னு எழுதணுமாம்.

— அடேயப்பா, மனப்பாடமா வச்சிருக்கீக!

— நீ ஒங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனது காதுல விழுந்துச்சு. எனக்கும் காது இருக்குல்ல.

— கம்ப்யூட்டர்ல படம் வராத காலத்துல அப்படித்தான் வெளையாண்டுருக்காக. அது சொல்லும், நாம பதில் எழுதணும். ‘விளக்கை எடு’ன்னா எடுக்கும். ‘கிழக்கே போ’ன்னா அடுத்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போகும். நாமளே உள்ள எறங்கி நடக்குற கத. அத நான் தமிழ்ல செஞ்சேன். நம்ம வீடு மாதிரி ஒரு வீடு. உள்ள போயி, சாப்பிட்டு, வெளிய வந்து மங்கலம் பஸ்ஸப் புடிக்கணும். அம்புட்டுத்தான்.

— அம்புட்டுத்தானா? புடிச்சானா ஒருத்தனாச்சும்? அந்த அடுக்களைக்குள்ள போன பய எவனாச்சும் உருப்படியா வெளிய வந்தானா?

— வரத் தெரியல. அதுக்கு நான் என்ன செய்ய?

— பரமக்குடிக்காரன் எம்புட்டு நல்ல பய. அரசாங்க உத்தியோகம்.

— சாப்பிட்டாரு. ‘வெளியே போ’ன்னு எழுதுனாரு. ‘இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது’ன்னு வந்துச்சு. என்ன எழுதுனாரு தெரியுமா? ‘ஏப்பம் விடு.’

— ...சாப்பிட்டா ஏப்பம் வரத்தானே செய்யும்.

— அடுத்து ‘வெத்தலை போடு.’ அதுக்கும் கதவு தொறக்கலைன்னதும் ‘படு.’ போனவரு போனவருதான். இன்னும் அங்கனயேதான் படுத்துருக்காரு.

— சரி, தேவகோட்டப் பையன்? சிங்கப்பூர்ல இஞ்சினியரு.

— அவரு ‘அம்மாவைக் கூப்பிடு’ன்னாரு. ‘அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார்’ன்னு வந்துச்சு. ‘அக்காவைக் கூப்பிடு.’ ‘தங்கச்சியைக் கூப்பிடு.’ ‘மதினியைக் கூப்பிடு.’ குடும்பத்துல உள்ள பொம்பளைக அம்புட்டுப் பேரையும் கூப்பிட்டுப் பாத்தாரு.

— சிரிக்காத. மூணாவது பய?

— ‘கதவை உடை.’

— அது ஆம்பள!

— அந்தக் கதவு தேக்கு, அய்யா.

— நீ எழுதி வச்சதுல சூது இருக்கு. ஒரு சாடமாட காட்ட வேணாமா? சாப்பிட்டவன் கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போவான். அதுக்கு மேல என்ன வேல பாக்கி இருக்கும்னு மனுசன் கண்டானா?

— சாடையென்ன, நேராவே சொல்லுது. ஒவ்வொரு தடவையும் அடியில வரும். ‘தரையில் ஒரு தட்டு கிடக்கிறது.’ யாரு தட்டு அது? அவுக சாப்பிட்ட தட்டு. அத எடுத்துக் கழுவி வச்சா கதவு தொறந்துக்கிடும். எழுத்துல போட்டதுக்குப் பெறகுகூட ஒருத்தரு கண்ணுலயும் படல.

— பட்டாலும் அத ஒரு சாமான்னு யாரு நெனப்பா? கெணறு கெடக்கு, கதவு கெடக்குன்னு வருது. அது மாதிரி தட்டு கெடக்கு. கெடந்தா கெடக்கட்டும்னுதான் தோணும்.

— அதத்தான் அய்யா நானும் சொல்றேன். நாகேந்திரனுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?

— அவன் பேச்ச விடுன்னு சொன்னேன்.

— ஏன் விடணும்? மூணு பேருக்கு நானே வெளையாட்டு லிங்க்க அனுப்புனேன். ‘பொட்டப்புள்ள நேரா மாப்பிள்ளைக்கு அனுப்புறதா, நாளைக்கு நம்மளப் பத்தி என்ன பேசுவாக’ன்னு குதிச்சு, நாலாவது ஆளுக்கு நாந்தான் அனுப்புவேன்னு வாங்கிட்டுப் போனீக. நீங்க அனுப்புன நேரம் அய்யா. நல்ல கை ஒங்களுக்கு.

— கைய வச்சுட்டுத்தான் இப்ப முழிக்கிறேன்.

— என்ன?

— ஒண்ணுமில்ல. கொசு.

— மத்தவுக அரை மணி நேரத்துல விட்டுட்டுப் போயிட்டாக. இவரு விடல. மத்தியானம் சாப்பிட்டுட்டு வருவாரு போல, தினம் அந்த நேரத்துக்குத்தான் வருவாரு. அவரு எழுதுறது பூராவும் எனக்கு வந்துரும்ல, நான் பாத்துக்கிட்டே...

— பூராவுமா?

— ஒரு எழுத்து விடாம.

— இத மொதல்லயே சொல்றதில்லையா?

— ஒங்ககிட்ட எதுக்குச் சொல்ல?

— ...இல்ல, ஒரு பையன் என்னமும் தப்பா எழுதிட்டான்னா? பொம்பளப் புள்ள படிக்கிறது...

— அவரா? போன்ல வாயால சொல்லிச் சொல்லி எழுத வச்சிருக்காரு, பேசுற மாதிரியே வரும். ‘என்னத்தச் செய்யன்னு தெரியல தாயி, நீயே சொல்லு.’ மிஷினு ‘புரியவில்லை’ங்குது. உடனே ‘கோவிச்சுக்கிறாத’ங்குறாரு. மிஷின்கிட்டப் போயி ‘கோவிச்சுக்கிறாத’ன்னு சொல்ற மனுசன் பொண்டாட்டிய ஒரு சொல்லு சொல்லுவாரா?

— அது... வாய்ல வந்தது. அத வச்சு ஒரு ஆள எட போடலாமா?

— ஒரு நாளு ‘ஏலே, அந்த மோட்டார நிப்பாட்டுலே’ன்னு வந்துச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். லாட்ஜு மோட்டாரு போல.

— லாட்ஜுன்னா... மோட்டாரு இருக்கத்தானே செய்யும்.

— நீங்க ஏன் அய்யா இப்படி வேர்க்குறீக? காத்தாடியப் போடவா?

— வேணாம். நான் சொல்றதக் கேளு. ஒரு வெளையாட்டுல தட்டக் கழுவுனான்னு கல்யாணமா? இந்தக் கூத்த எங்கயாவது கேட்டிருக்கியா?

— முடிச்சவருக்குச் சரிங்குறதுதான் பேச்சு. நீங்களும் ஒத்துக்கிட்டீக. ‘எவன் முடிக்கப் போறான்’னு நெனச்சுத்தான் ஒத்துக்கிட்டீகளோ என்னமோ. ஆனா ஒத்துக்கிட்டீக.

— ஒத்துக்கிட்டேன்...

— அவரு முடிச்சாரு. எப்படி முடிச்சாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. நாலஞ்சு நாளு ஒண்ணும் நடக்கல. ஏப்பமும் விட்டாரு, நான் மறைக்கல. வெத்தலையும் போட்டாரு. அப்பறம் ஒரு நாளு வந்து ஒண்ணுமே எழுதாம ரெம்ப நேரம் சும்மா இருந்தாரு. அப்பறம் எழுதுனாரு. ‘தட்ட எடு. கழுவு. கவுத்தி வை.’ கவுத்தி வைன்னு நான் கேக்கவே இல்ல. கழுவுனாலே கதவு தொறந்துரும். தண்ணி வடியணுமேன்னு நெனச்சிருக்காரு பாருங்க, அதான் அய்யா எனக்கு...

— அழுகுறியா?

— இல்ல. கொசு. ஒங்களுக்கு அது வெறும் தட்டு. அம்மாவுக்கு முட்டிவலி வந்து எத்தன வருசமாச்சு? ஒரு கையால சொவத்தப் புடிச்சுக்கிட்டு, ஒரு கையால குனிஞ்சு ஒங்க தட்ட எடுக்குறத நான் சின்னப் புள்ளயில இருந்து பாத்துட்டு இருக்கேன். நான் யாரையும் குத்தம் சொல்லல. எனக்கு வர்ற வீட்ல நான் அப்படிக் குனிய மாட்டேன். வேற ஒண்ணும் கேக்கல, நகை கேக்கல, காரு கேக்கல. அவரு தட்ட அவரு எடுக்கணும். அதக் கேக்கவே வெக்கமா இருந்துச்சு, அதான் வெளையாட்டா ஒளிச்சு வச்சேன்.

— சரி... கேளு. நான் காரணம் சொல்றேன். உள்ள காரணத்த.

— சொல்லுங்க.

— நேத்து அங்க அஞ்சாறு பேரு உக்காந்தோம். பந்தி மாதிரி, தரையில. மாப்பிள்ளையும் பக்கத்துல உக்காந்தாரு. நல்ல சாப்பாடு, அதுல கொற இல்ல. சாப்பிட்டு முடிச்சு, அவரு தட்டுலயே தண்ணிய ஊத்திக் கையக் கழுவிட்டு எந்திரிச்சாரு. சோபாவுல போயி உக்காந்து போனப் பாத்துக்கிட்டே, ‘ம்மா, தட்டு’ன்னாரு. அந்தம்மாவுக்குக் கையில கட்டு, ஆத்தா. விழுந்து மணிக்கட்டு பெசகியிருக்கு. ஒத்தக் கையால தூக்கி எடுத்துட்டுப் போறாக, மிச்சத் தண்ணி சேலையெல்லாம் வழியுது. அவரு நிமுந்து பாக்கல. அதப் பாத்ததுக்கு அப்பறம் ரசஞ்சோறு எனக்கு எறங்கல.

— கை நனைச்சதுக்கு அப்பறம் பாத்திருக்கீக.

— அதுதான் வெனையாப் போச்சு.

— அய்யா, கோவிச்சுக்காதீக. நீங்க வருசம் பூராவும் செய்யுறதத்தானே அவரு செஞ்சாரு? நம்ம வீட்லயும் தட்டுலதான் கை கழுவுறீக. அப்பல்லாம் ஒங்களுக்குச் சோறு எறங்குச்சுல்ல?

— எறங்குச்சு.

— இப்ப மட்டும்?

— இப்பத்தேன் கண்ணுக்குத் தெரியுது. என்னைய என்ன செய்யச் சொல்ற?

— விருந்தாளி முன்னால ஒரு ஆம்பள தட்ட எடுத்தா அவுக அம்மாவே விட மாட்டாக. அந்தக் கூச்சம் ஒங்களுக்குத் தெரியாதா? நாலு பேரு இருக்கும்போது பாத்தத வச்சு...

— கூச்சம் இல்ல ஆத்தா அது. பழக்கம். எனக்குத் தெரியும் அந்தப் பழக்கம். அது கூச்சப்படுற மூஞ்சி இல்ல.

— ஒங்களுக்கு அவரப் பத்தி என்ன தெரியும்? நான் அவருகூடப் பேசுனேன்.

— பேசுனியா? எப்ப?

— காலையில. அவரு தங்கச்சி சிநேகா நம்பரு குடுத்தா.

— எங்கிட்டக் கேக்காமயா?

— ஒங்ககிட்டக் கேட்டா ‘நான் கேட்டுச் சொல்றேன்’னு அதையும் நீங்களே வாங்கிட்டுப் போயிருப்பீக.

— ...என்ன பேசுன?

— கேட்டேன். ‘அந்தத் தட்ட எடுக்கணும்னு எப்படிங்க தோணுச்சு’ன்னு. கொஞ்சம் யோசிச்சாரு. அப்பறம் சிரிச்சாரு.

— சிரிச்சானா?

— ‘இதுல என்னங்க இருக்கு, எங்க வீட்ல எப்பவும் என் தட்ட நாந்தான் எடுப்பேன்’னாரு.

— அப்படியா சொன்னான்?

— ‘அம்மாவுக்குக் கையில அடி, இப்பல்லாம் அவங்க தட்டையும் சேத்து நான்தான்’னாரு.

— அடப்பாவி!

— எதுக்கு அய்யா கத்துறீக? தெருவுல ஆளு போகுது.

— நீ என்ன சொன்ன? அதச் சொல்லு.

— சரின்னு சொல்லிட்டேன்.

— எதுக்கு?

— கல்யாணத்துக்கு. வேற எதுக்கு? நீங்க கை நனைச்சாச்சு, நான் வாயத் தொறந்து சொல்லியாச்சு. வெள்ளிக்கெழம அவுக பூ வைக்க வாராக. அம்மாட்டச் சொல்லிட்டேன். ஒங்ககிட்டத்தான் எப்படிச் சொல்லன்னு...

— ஐயோ ஆத்தா. கேட்டதுதான் கேட்ட, அந்தக் கன்னுக்குட்டியப் பத்திக் கேட்டியா?

— எந்த...

— வெயில்ல கட்டிக் கெடந்துச்சே, பின்வாசலுக்கு மேக்க. போற வழியில அத அவுத்து வேப்பமரத்துக்கு அடியில மாத்திக் கட்டிட்டுத்தானே உள்ள போனது? ஏன் கட்டுனேன்னு அவன்கிட்டக் கேட்டியா? கேட்டிருந்தா முழிச்சிருப்பான்! என் தட்ட நாந்தான் எடுப்பேன்னானாம். சோபாவுல சாஞ்சுகிட்டு! அந்தக் கன்னுக்குத் தண்ணி காட்டுனது அவனா? வாளி ஓட்டையா இருக்குன்னு சாக்கு வச்சு அடைச்சது அவனா? கேளு! இப்ப போனப் போட்டுக் கேளு!

— அய்யா.

— என்ன?

— அந்த வெளையாட்டுல கன்னுக்குட்டி இருக்குன்னு நான் ஒங்ககிட்டச் சொல்லவே இல்லையே. அம்மாட்டக்கூடச் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல.

— ...

— அந்த லிங்க்க நீங்க அவருக்கு அனுப்புனீகளா, இல்லையா?

— அனுப்புனேன். சத்தியமா அனுப்புனேன். ‘மாமா, இந்தச் சின்னப்புள்ள வெளையாட்டுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல, நீங்களே முடிச்சு விட்ருங்க’ன்னான். நல்ல எடமாச்சே, இதுவும் கை நழுவிப் போயிரக் கூடாதேன்னு...

— கம்மாக்கரையில நீங்க தனியாப் பேசிக்கிட்டுத் திரியுறீகன்னு சின்னக்கருப்பன் சித்தப்பா வந்து சொன்னாக. நான் ஒங்களுக்கு உடம்புக்கு ஏதோன்னு பயந்துபோயி இருந்தேன்.

— அவந்தேன் மோட்டாரப் போட்டு ஒண்ணும் கேக்க விடாம...

— அய்யா, நான் சரின்னு சொல்லிட்டேன் அய்யா. அந்தத் தட்ட எடுத்தவருக்குன்னு நெனச்சு.

— அவன் எடுக்க மாட்டான் ஆத்தா. ஒங்க அம்மா தெனமும் குனியுறதப் பக்கத்துல உக்காந்து பாத்தவன் நான், எனக்கே ஒரு வாரம் ஆச்சு, அது என் தட்டுன்னு தெரிய.